தொட்டாச்சிணுங்கிகளுக்காக ஒரு வார்த்தை



ஆண்டு மலர் என்றாலே நட்பு, காதல், லட்சியம், வேலையில்லாத் திண்டாட்டம், இந்த நாலில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. இந்த வருஷம் கொஞ்சம் வேறு விஷயம் பேசுவோமே. நம்ம வகுப்பில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி.

அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வொர்க்‌ஷாப்பில் கிரைண்டர் ஓடினால் முகம் சுருங்கும். வைவாவில் பதில் தெரிந்தும் வாயில் வராது. சார் பக்கத்துப் பையனைத் திட்டினால் இவருக்குக் கண் கலங்கும். மெஸ்ஸில் ரெண்டு பேர் சண்டை போட்டால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. ஹாஸ்டல் ரூமில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினால் நைசாக எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். நாலு நாளைக்கு முன்னால் யாரோ விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை ராத்திரி ரெண்டு மணிக்கு நினைத்துப் புரண்டு கொண்டிருப்பார்.

இவருக்கு நாம் வைத்திருக்கும் பேர் ‘தொட்டாச்சிணுங்கி’. கொஞ்சம் காரம் சேர்க்க வேண்டும் என்றால் ‘என்னடா பொம்பளை மாதிரி!’. பெண்ணாக இருந்தால் ‘ரொம்ப சீன் போடறா’. கடைசியில் எல்லோரும் சேர்ந்து எழுதித் தரும் மருந்துச் சீட்டு ஒன்றே ஒன்றுதான்: “இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவாங்க? தைரியமா இருடா!”

இந்த மருந்து வேலை செய்யாது என்பதுதான் என் கட்சி. ஏன் வேலை செய்யாது, எது வேலை செய்யும் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. நீங்கள் அந்தத் தொட்டாச்சிணுங்கியாக இருந்தாலும் சரி, அவருடைய பக்கத்து பெஞ்ச்காரராக இருந்தாலும் சரி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செடியிடம் ஒரு பாடம்

முதலில் அந்தச் செடியையே கேட்போம். தொட்டாற்சுருங்கி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. இப்போது நம் ஊர் வாய்க்கால் ஓரமெல்லாம் அதுதான். தொட்டவுடன் அதன் காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் இருக்கும் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. விறைப்பு போய் இலை மடங்குகிறது. எல்லாம் ஒரு சில நொடிக்குள். ஆபத்து போன பிறகு, சில நிமிஷங்களில் தண்ணீர் திரும்ப ஏறி இலை தானாகவே விரிகிறது. மூடிய இலையை நாம் விரலால் பிரித்துத் திறக்கப் பார்த்தால் என்ன ஆகும்? கிழியும்.

“தைரியமா இரு” என்று அதட்டுவது அந்த விரல் வேலைதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மோனிகா காலியானோ என்ற ஆய்வாளரின் குழு 2014-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. இந்தச் செடிகளைத் தொட்டியோடு 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற தளத்தில் திரும்பத் திரும்ப விழச் செய்தார்கள். முதலில் இலைகள் மூடின. விழுவதால் சேதம் ஏதும் இல்லை என்றானதும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதை நிறுத்தின. 28 நாள் கழித்துச் சோதித்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. கவனியுங்கள், அடியில் மெத்தை இருந்தது, உயரமும் குறைவு. செடியை மாடியிலிருந்து தூக்கி எறிந்து யாரும் தைரியம் கற்றுக் கொடுக்கவில்லை!

குறையா? குணமா?

மனிதர்களிலும் இப்படி ஒரு பிரிவினர் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் எடுத்துக் காட்டினார். 1996-ல் இதைப் பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். 1997-ல் கணவர் ஆர்தர் ஏரனுடன் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 27 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலும் தந்தார். நாம் தமிழில் ‘நுண்ணுணர்வாளர்’ என்று வைத்துக் கொள்ளலாம்.

அவர் சொல்லும் அடையாளங்கள் நாலு. ஒன்று, எதையும் ஆழமாக அசை போடுவது. இரண்டு, சத்தம், வெளிச்சம், கூட்டம், அவசரம் இவற்றால் சீக்கிரம் நிரம்பிப் போவது. மூன்று, தன் உணர்ச்சியும் பிறர் உணர்ச்சியும் பலமாகத் தாக்குவது. நாலு, மற்றவர் கண்ணுக்குத் தப்பும் சின்ன வித்தியாசத்தையும் பிடித்து விடுவது. நாலும் ஒரே கட்டாக வருகிறது. முதலும் கடைசியும் வேண்டும், நடுவில் உள்ள ரெண்டும் வேண்டாம் என்று கடையில் கேட்டு வாங்க முடியாது.

எத்தனை பேர் இப்படி? நூற்றுக்கு 15 முதல் 20 என்றார் ஏரன். பிறகு பிரான்செஸ்கா லியோனெட்டி, மைக்கேல் புளூஸ் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் மூன்று பிரிவு காட்டினார்கள்: அதிக உணர்திறன் உள்ளவர் சுமார் 31 சதவீதம், நடுத்தரம் 40, குறைவு 29. அது வெளிநாட்டுக் கணக்கு. அதே விகிதம் இங்கேயும் என்று வைத்துக் கொண்டால் 60 பேர் உள்ள வகுப்பில் சுமார் 19 பேர்! அதில் சிலர் ரொம்பக் கலகலப்பானவர்களாகக்கூட இருப்பார்கள். நுண்ணுணர்வு வேறு, கூச்சம் வேறு. மேடையில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கிவிட்டு ரூமுக்கு வந்து போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொள்கிற ஆளும் இந்த ரகமாக இருக்கலாம்.

இது நோய் இல்லை. மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது. கண்ணின் நிறம், உயரம் மாதிரி ஒரு குணம். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சூழ்நிலை மோசமாக இருந்தால் இவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். அந்த அடி மனச்சோர்வு என்ற நோயாக மாறவும் கூடும்.

லேபில் இருக்கும் உதாரணம்

டிப்ளமோ படிக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய தத்துவம் வேண்டாம். லேபில் கால்வனாமீட்டர் இருக்கிறதே, அது போதும். மைக்ரோ ஆம்பியர் அளவு கரண்டுக்கே முள் அசையும். அதனால்தான் வீட்ஸ்டோன் பிரிட்ஜில் சமநிலையைக் கண்டுபிடிக்க அதை வைக்கிறோம். அதையே நேராக பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள்: முள் வளையும், காயில் கருகும், லேப் அட்டெண்டர் அண்ணன் நம் பேரை நோட்டில் எழுதிக் கொள்வார்.

கருகிய கால்வனாமீட்டரைப் பார்த்து “இதுக்குத் தைரியம் பத்தலை” என்று யாராவது சொல்வோமா? “ஷன்ட் போடாம ஏன்டா கொடுத்தே?” என்றுதான் கேட்போம். பக்கத்தில் இணையாக ஒரு குறைந்த மின்தடையைப் போட்டால், பெரிய கரண்ட் அந்த வழியாகப் போய்விடும். மீட்டருக்குத் தாங்கும் அளவு மட்டும் வரும். அதே கால்வனாமீட்டர் இப்போது பத்து ஆம்பியரை அளக்கும் அம்மீட்டர் ஆகிவிட்டது. மீட்டரின் நுட்பத்தில் கை வைக்கவே இல்லை. வழியைத்தான் மாற்றினோம்.

நுண்ணுணர்வாளருக்குத் தேவை அந்த ஷன்ட்தான். அதில் பாதியை அவரே போட்டுக்கொள்ளலாம். மீதிப் பாதியைச் சுற்றி இருக்கும் நாம்தான் போட வேண்டும்.

நாமகிரித் தாயாரின் பிள்ளை

நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர், நம்ம நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கும்பிட்ட குடும்பம். ஆம், கணித மேதை ராமானுஜன்தான்.

அவருடைய கணக்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மனசைப் பற்றிப் பேசுவதில்லை. சின்ன வயதில் கணக்குப் பரீட்சையில் கூடப் படித்த நண்பன் ஒரு மார்க் அதிகம் வாங்கியதற்காக அவனோடு பேசாமல் இருந்தவர். கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று ஸ்காலர்ஷிப் போனதும், 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடியவர். எஃப்.ஏ. பரீட்சையில் அதற்குப் பிறகும் தோற்றார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக் கொள்ளவும்!

கேம்பிரிட்ஜில் ஒரு நாள் நண்பர்களைச் சாப்பிட அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்ட பெண் விருந்தினர்கள் மூன்றாவது முறை ‘போதும்’ என்றார்கள். அவ்வளவுதான். வெளியே போன ராமானுஜன் திரும்பி வரவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பணம் கேட்டுத் தந்தி வந்தது. மனசு புண்பட்டதால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றாராம். நம் ஹாஸ்டலில் இது நடந்திருந்தால் எத்தனை நாள் ஓட்டியிருப்போம்!

இன்றைக்கு நாம் அவர்மீது ஒரு பேரை ஒட்டி முத்திரை குத்த முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. எங்கேயெல்லாம் அவருக்கு இடம் கிடைத்ததோ அங்கேயெல்லாம் மலர்ந்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார், வேலை ஏதும் வாங்காமல். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் சாயங்காலங்களில் ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடுத்த ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது.

எங்கே அந்த இடம் கிடைக்கவில்லையோ அங்கே வாடினார். இங்கிலாந்தில் போர்க்காலம். குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், 1917 முதல் நோய், தனிமை. 1918 தொடக்கத்தில் லண்டனில் தற்கொலைக்கு முயன்றார். நல்லவேளை, காப்பாற்றப்பட்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியும் ஃபெலோ ஆக்கியது. அந்த அங்கீகாரம் வந்தபின் மறுபடி வேலையில் இறங்கினார். 1920-ல், 32 வயதில், நோயால் மறைந்தார்.

அவர் ராமானுஜன் என்பதால் தாங்கிப் பிடிக்க ஹார்டி இருந்தார். நம் வகுப்பில் இருப்பவருக்கு யார் இருக்கிறார்?

எழுபது வளைவு இறங்கி வந்தவர்கள்

நான் வாசலூர்பட்டிக்காரன். கொல்லிமலைக்கு டூர் வந்தவர்களுக்கு, செம்மேட்டுக்குப் பக்கத்தில் படகு இல்லம் இருக்கும் ஊர் என்றால் தெரியும். எங்கள் ஊரில் சத்தம் என்றால் மழை, காற்று, பறவை, எப்போதாவது பலா விழும் சத்தம். அங்கேயிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, ஏர்ஹாரனும் வெல்டிங்கும் ட்யூப்லைட்டும் ராத்திரி ஒரு மணி வரை செல்போன் வீடியோவுமாக இருக்கும் இடத்தில் விழுகிறோம். வெயில் வேறு. மலையில் எல்லோரும் நுண்ணுணர்வாளர்கள், சமவெளியில் எல்லோரும் தடித்த தோல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே மென்மையான மனசு உள்ளவருக்கு இந்த இறக்கம் ரெட்டிப்பு இறக்கம்.

என்னோடு மலையிலிருந்து படிக்க வந்த நண்பர் ஒருவர். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே “பேரிங் போகப் போகுது” என்பார். சொன்ன மாதிரியே இருக்கும். கனெக்‌ஷன் தப்பானால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். ஆனால் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கியதும், ராத்திரித் தூக்கமின்மையும், ‘மலைக்காரன்’ என்ற கேலியும் சேர்ந்து முதல் வருஷத்திலேயே டி.சி. வாங்க வைத்துவிட்டன. இப்போது மிளகுச் சீசனில் மரம் ஏறுகிறார். அது கேவலமான வேலை என்று யார் சொன்னது? ஆனால் அவர் விரும்பி வந்த படிப்பு அது இல்லையே. மோட்டாரின் வலியைக் கேட்கத் தெரிந்த அந்தக் காது ஒரு தொழிற்சாலைக்கு எவ்வளவு லாபம்! நாம் இழந்தது ஒரு நல்ல டெக்னீஷியனை.

மலைப் பாதையில் பஸ் ஓட்டும் அண்ணன்களைப் பாருங்கள். வளைவு வந்தால் கியரைக் குறைப்பார்கள், ஹாரன் கொடுப்பார்கள், ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுவார்கள். “டிரைவருக்குப் பயம்” என்று யாரும் சிரிப்பதில்லை. வளைவுக்கு ஏற்ற கியர், அவ்வளவுதான்.

நாமே போட்டுக்கொள்ளும் ஷன்ட்

சரி, நுண்ணுணர்வுள்ள நண்பரே, நீங்கள் என்ன செய்யலாம்?

1. உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள். ஒரு வாரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: எந்த நேரம் தலை நிரம்பிப் போகிறது, அதற்கு முன் என்ன நடந்தது? பெரும்பாலும் ஒரே காரணம் இருக்காது. பசி, தூக்கக் குறைவு, சத்தம், அவசரம் நாலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஏரனின் கேள்விகளில் பசியும் ஒன்று! காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு லேபுக்குப் போகாதீர்கள்.

2. நிரம்புவதற்கு முன்னாலேயே ஒதுங்குங்கள். மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் மரத்தடி, லைப்ரரி, வெறும் வகுப்பறை, எங்காவது தனியாக. செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அது ஓய்வு இல்லை, இன்னொரு கூட்டம். ராத்திரி வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போடுங்கள். உலகம் ஒன்றும் முழுகிப் போகாது.

3. மூச்சு. இழுக்கும்போது நாலு எண்ணுங்கள், விடும்போது ஆறு அல்லது எட்டு. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு நிதானப்படும். வைவாவுக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது பத்துத் தடவை செய்யலாம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

4. வைவாவுக்கு மெத்தை போட்டுப் பழகுங்கள். யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-லேயே எலிகளை வைத்துக் காட்டினார்கள்: சுலபமான வேலைக்குக் கொஞ்சம் அழுத்தம் உதவும், சிக்கலான வேலையில் அதே அழுத்தம் கெடுக்கும். அதனால் சிக்கலை முன்னாடியே சுலபமாக்கி விட வேண்டும். முதலில் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். அடுத்து ஒரு நண்பனிடம். பிறகு மூணு பேரிடம். பரீட்சை அன்று பத்து நிமிஷம் முன்னால் லேபுக்குப் போய்ப் பேனல், மீட்டர் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். புதுசாக எதுவும் கண்ணைத் தாக்காது.

5. ரெக்கார்டை அந்தந்த வாரமே எழுதி முடியுங்கள். பத்து எக்ஸ்பெரிமெண்டை ஒரே ராத்திரி எழுதுவது எல்லோருக்கும் கஷ்டம், உங்களுக்கு விஷம்.

6. ரெண்டு வாக்கியம் மனப்பாடம் செய்யுங்கள். “பத்து நிமிஷம் குடுடா, அப்புறம் பேசறேன்.” “சார், கேள்வியை இன்னொரு தடவை சொல்றீங்களா?” முதலாவது சண்டையைத் தவிர்க்கும். இரண்டாவது மூளைக்கு அவகாசம் தரும். இரண்டும் யாரையும் அவமதிக்காது.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், அது குணத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. அப்போது மூச்சுப் பயிற்சியை நம்பி உட்காராதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சினேகா’ இருக்கிறது: 044-24640050. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் ரெண்டு வாரம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே, அப்போதே பேச வேண்டும்.

பக்கத்து பெஞ்ச்காரருக்கு

உங்களிடம் கேட்பது ரொம்பக் குறைவு. ‘இதுக்கெல்லாமா?’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, “என்னாச்சு, தனியா இருக்கணுமா, கூட இருக்கணுமா?” என்று கேளுங்கள். தனியாக என்றால் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டீ வாங்கிக்கொண்டு போங்கள். எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்துவிட்டு “சும்மா ஜாலிக்கு” என்று சொல்வது நட்பு இல்லை. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. ஆனால் பட்டப்பேர் வைப்பதை எந்தப் போலீஸ் வந்து தடுக்கும்? நாம்தான் தடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இதில் லாபமும் உண்டு. புளூஸும் போனிவெல்லும் லண்டனில் ஒரு பள்ளியில் 11 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு மனவுறுதிப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். உணர்திறன் குறைந்த பிள்ளைகளிடம் பெரிய மாற்றம் இல்லை. உணர்திறன் அதிகமுள்ள பிள்ளைகளிடம் மனச்சோர்வு குறைந்தது. ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. அதாவது கெட்டது மட்டுமல்ல, நல்லதும் இவர்களைத்தான் ஆழமாகப் பிடிக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் நிறைய விளையும் நிலம்!

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை

இனி நம் மாணவர் சங்கத்துக்கு. பஸ் பாஸ், மெஸ் சாப்பாடு, குடிதண்ணீர், இவற்றுக்கெல்லாம் நாம் மனு கொடுத்திருக்கிறோம். மனசுக்காக ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா?

தேசியக் குற்றப் பதிவு அமைப்பின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டில் பரீட்சைத் தோல்வி காரணமாக நடந்தவை என்று பதிவானவை மட்டும் 2,248. எல்லோரும் நுண்ணுணர்வாளர்கள் என்று யாரும் சொல்ல முடியாது; ஒரு சாவுக்கு ஒரே காரணமும் இருப்பதில்லை. ஆனால் “தைரியமா இரு” என்று சொல்லி இத்தனை பேரைத் தனியே விட்டிருக்கிறோம் என்பது மட்டும் உண்மை.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று தந்த தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் வருஷம் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். இது தயவு இல்லை, நம் உரிமை.

எனவே சங்கம் நாலு காரியம் கேட்கட்டும். ஆலோசகரை நியமித்து, அவர் வரும் நாளையும் அறையையும் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும். அவரிடம் போவது யாருக்கும் தெரியாதபடி அந்த அறை ஆபீஸ் வாசலுக்கு எதிரில் இல்லாமல் இருக்க வேண்டும். ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம் வேண்டும். ஸ்பீக்கர் வேண்டியவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும். வைவாவையும் மார்க் விவரத்தையும் கூட்டத்தின் நடுவில் வைத்து யாரையும் கூனிக்குறுக வைக்காத முறை வேண்டும். கிரைண்டிங், வெல்டிங் செய்பவர்கள் எல்லோருக்கும் காதுக்கு அடைப்பான் வேண்டும். கடைசியில் சொன்னது நுண்ணுணர்வாளருக்கு மட்டுமா? நாளைக்கு நாற்பது வயதில் காது கேட்க வேண்டும் என்று நினைக்கிற எல்லோருக்கும்தான்.

பார்த்தீர்களா, இந்த நாலில் எதுவும் பெரிய செலவில்லை. எதுவும் மற்றவர்களுக்கு இடைஞ்சலும் இல்லை. மென்மையானவருக்காகப் போட்ட பாதையில் உறுதியானவரும் சுகமாக நடக்கலாம்.

தைரியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாமே பலமாகத் தாக்கும் ஒரு மனசை வைத்துக்கொண்டு தினமும் எழுந்து, பல் விளக்கி, பஸ் ஏறி, லேபில் வந்து நிற்கிறாரே, அதைவிடப் பெரிய தைரியம் எது? அவரிடம் இல்லாதது தைரியம் இல்லை, ஷன்ட். அதைப் போடும் வேலை நம்முடையது. அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள் நம் சங்கத்தின் மனு மேலே போயிருக்க வேண்டும். நம் வகுப்பிலிருந்து ஒரு டி.சி.கூட இந்தக் காரணத்துக்காகப் போயிருக்கக் கூடாது.

சிந்திப்போம் நண்பர்களே! செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன்,
வாசலூர்பட்டி, கொல்லிமலை.